விடிலியில் ஒரு பருவம்

நான் காய்ச்சிய முதல் கருப்பட்டியை மாட்டுக்குத்தான் வைத்தார்கள். கருகிப்போன பாகைத் தண்ணீரில் கரைத்துத் தவிட்டோடு பிசைந்து வைத்தார் அத்தை. மாடு ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மாமா விடிவதற்கு முன்பே கிளம்பி 22 பனை ஏறி இறக்கிய பதநீர் அது. மூன்று மணி நேரம் அடுப்பருகே உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி இரண்டு நிமிஷத்தில் அத்தனையையும் கெடுத்தேன்.

யாரும் திட்டவில்லை. சட்டியைச் சுரண்டிக்கொண்டே, "போகப் போகக் கை பழகும் பிள்ள" என்றார் அத்தை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதியவள் நான். என் வீட்டுக்காரர் அங்கேயே பேக்கிங் பிரிவில் இருந்தார். ஒரு நாள் கதவைச் சாத்தினார்கள். மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. வாடகை, பையனின் பள்ளிக் கட்டணம், நகைக்கடனுக்கு வட்டி என்று எல்லாம் சேர்ந்து நெருக்க, மாசிக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வந்தோம். உடன்குடிக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் இடைப்பட்ட தேரிக்காடு. செம்மண், பனை, உடைமரம். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி; தெளிவான நாளில் பனை இடுக்கு வழியாக அதன் கூர்முனை தெரியும். வந்த வாரமே வீட்டுக்காரர் ஒரு லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். நான் இரண்டு மாதம் இருந்து சமாளித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் விடிலிக்குள் நுழைந்தேன்.

விடிலி என்பது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. நாலு பக்கம் பனங்கம்பு, மேலே ஓலை, காற்றடிக்கிற பக்கம் மட்டும் ஒரு தட்டி. நடுவில் குழி தோண்டிப் போட்ட அடுப்பு. எரிக்கக் காய்ந்த ஓலை, மட்டை, உடைவிறகு. பரணில் போன வருஷத்துக் கருப்பட்டி புகையில் கிடக்கும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எங்கள் பக்கத்துப் பெண்களின் பகல் பொழுது இந்த வேக்காட்டில்தான் கழியும். பனை ஏறுகிறவரைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். விடிலிக்குள் கேமரா வந்து நான் பார்த்ததில்லை. புகை ஆகாது போலிருக்கிறது.

அத்தை முதலில் எனக்குக் கொடுத்த வேலை வடிகட்டுவது. இப்போது துணியில் வடிக்கிறோம்; அந்தக் காலத்தில் பன்னாடைதான். பனைமட்டையின் அடியில் வலைபோல் பின்னியிருக்குமே, அது. நல்லதையெல்லாம் கீழே விட்டுவிட்டுத் தூசியையும் செத்த ஈயையும் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாகச் சொல்லும் நெய்யரி இந்தப் பன்னாடைதான். பள்ளியில் தமிழம்மா அந்தப் பேர் சொல்லி என்னைத் திட்டியிருக்கிறார். விடிலியில் உட்கார்ந்து யோசித்தபோது அவர் சொன்னது சரி என்றே பட்டது. ஒன்பது வருஷம் வேளாவேளைக்குச் சோறு, பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரி, கடன் கேட்காமலே கைமாற்று தந்த சிநேகிதி என்று எல்லாம் ஒழுகிப் போயிருந்தது. மனசில் தங்கியிருந்தது அந்த மூன்று மாதச் சம்பளப் பாக்கி ஒன்றுதான்.

பதநீரை நாளைக்கு என்று வைக்க முடியாது. இது நான் கற்ற இரண்டாவது பாடம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பொழுது விடிவதற்குள் அது கள். சுண்ணாம்பு போட்டாலும் வெயில் ஏற ஏறப் பதநீர் முறைக்க ஆரம்பிக்கும். இன்றைக்கு இறக்கியதை இன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்து மன்னாவை ஞாயிறு பள்ளியில் படித்தபோது, மீதி வைத்ததில் புழு பிடித்தது கடவுள் கொடுத்த தண்டனை என்றே நினைத்திருந்தேன். விடிலிக்கு வந்த பிறகு அதில் தண்டனையே தெரியவில்லை. சில பொருள்களின் சுபாவம் அப்படி. அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குக் கேட்கச் சொல்லிக் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம் பனங்காட்டில் இருப்பவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

மன்னாவுக்கும் பதநீருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மன்னாவுக்கு ஓய்வுநாள் இருந்தது, பனைக்குக் கிடையாது. ஒரு நாள் பாளை சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்துபோகும். அதனால் மாமா ஞாயிற்றுக்கிழமை இன்னும் சீக்கிரமாக எழுந்து, முருக்குத்தடியைத் தூக்கிக்கொண்டு இருட்டிலேயே காட்டுக்குப் போவார். இரண்டாம் மணி அடிக்கும்போது குளித்து வெள்ளை வேட்டியில் கோயிலில் இருப்பார். பிரசங்கத்தில் கொஞ்சம் கண் அசருவார். அத்தை தட்டி எழுப்புவதில்லை.

இனி காய்ச்சுவதைச் சொல்கிறேன்.

சட்டியில் ஊற்றி இளஞ்சூடு காட்டி இறக்கி வைத்தால் சுண்ணாம்பு அடியில் போய்ப் படியும். தெளிவை மட்டும் மெல்ல இறுத்து எடுத்துத் திரும்ப அடுப்பேற்ற வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தீ முழுதாக எரியலாம். நுரை பொங்கும், எடுத்துப் போட வேண்டும். பிறகு ஒரு கட்டத்தில் சட்டியே வெளியே ஓடி வருவதுபோலப் பொங்கும். அப்போது ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால் தட்டிக்கொடுத்த பிள்ளை மாதிரி அடங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது மாயமாக இருந்தது. 10 லிட்டர் பதநீர் வற்றி வற்றி ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கருப்பட்டி ஆகும். மீதி முழுக்க ஓலைக்கூரை வழியே ஆவியாகப் போய்விடும்.

இதுவரைக்கும் யாரும் செய்யலாம். தொழில் இருப்பது கடைசிப் பத்து நிமிஷத்தில். குமிழி பெரிதாகும், நிறம் தேனிலிருந்து புளி நிறத்துக்கு வரும். சத்தம் மாறும். சளசளவென்று பேசிக்கொண்டிருந்த சட்டி ஒன்றொன்றாக, யோசித்து யோசித்துப் பேச ஆரம்பிக்கும். தீயை இழுத்துவிட்டு, சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். நின்றால் இறக்கித் துடுப்பால் கிண்டி, ஓரம் கட்டிவரும்போது நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். உருண்டை நிற்கிற நேரத்துக்கும் அடி பிடிக்கிற நேரத்துக்கும் இடையில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. அதற்குள் சட்டி இறங்கிவிட வேண்டும்.

முதல் தடவை நான் ஏன் தவறவிட்டேன் என்றால், உருண்டை நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் இறுகட்டும், நாள் பட இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் எல்லாவற்றையும் அப்படித்தான் நடத்தியிருந்தோம். சம்பளம் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் ஊருக்குப் போய் வரலாம். இன்னும் ஒரு பவுன் சேரட்டும், அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டாம் தடவை பயம். கருகிவிடுமோ என்று முன்னாலேயே இறக்கிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே தோல்போல ஆடை கட்டியது. மறுநாள் சிரட்டையைத் தட்டினால் வரவில்லை; உள்ளே பசைபோல நெகிழ்ந்து கிடந்தது. அத்தை விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மேல ஆறிருக்கு, உள்ள ஆறல" என்றார்.

கருப்பட்டியைத்தான் சொன்னார். எனக்கு உறைத்தது வேறு. ஊருக்கு வந்த நாளிலிருந்து விசாரித்தவர்களிடமெல்லாம், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், எங்களுக்கு ஒரு குறையுமில்லை" என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலில் சாட்சிகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவேன். அதற்கு முன் இன்னும் இன்னும் என்று கருக்கினேன். இப்போது முன்கூட்டியே இறக்கிவிட்டுத் திருப்தி என்று பெயர் வைத்திருந்தேன். கிறிஸ்தவ வீடுகளில் இந்த இரண்டாவது தப்புதான் அதிகம் என்பது என் எண்ணம். கருகினது நாற்றத்தில் தெரிந்துவிடும். வேகாதது சாட்சி சொல்லிக்கொண்டு திரியும்.

போதுமென்ற மனத்தை மருந்து என்கிறது நம் பழமொழி. மருந்தென்றால் வாங்கி விழுங்கினால் வேலை முடிந்தது. பவுல் அப்போஸ்தலன் அப்படிச் சொல்லவில்லை. பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் மனரம்மியத்தைப் பற்றிப் பேசுகிறவர், அதைக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். வேதத்துக்கு வெளியே நான் கேட்டிராத சொல் அது, மனரம்மியம். பவுல் கூடாரம் செய்கிற தொழிலாளி. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அந்த வேலையைச் செய்தவர். கைத்தொழில் செய்கிறவன் 'கற்றுக்கொண்டேன்' என்று எழுதினால், அதற்குப் பின்னால் எத்தனை துணி கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதை எழுதும்போது அவர் காவலில் இருந்தார் என்பதும், எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பிலிப்பி சபையார் அனுப்பின உதவியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லத்தான் எழுதினார் என்பதும் முக்கியம். உதவியைத் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பெருமை பேசவுமில்லை.

சித்திரையில் பக்கத்து ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. வெளியூரிலிருந்து பெரிய வண்டியில் வந்த ஒருவர், உள்ளதே போதும் என்று இருக்க வேண்டும், ஏழைகள் முறுமுறுக்கக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். திரும்பி நடந்து வரும்போது அத்தை சொன்னார்: "பவுல் சொன்னா கேக்கலாம். அவரு ஜெயில்ல இருந்து சொன்னாரு. வயிறு நெறஞ்சவுக சொன்னா அது உபதேசம் இல்ல மக்கா, ஏப்பம்."

அத்தைக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. ஆறு வருஷம் முன்னால் மாமா பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து நாலு மாதம் கிடந்தார். 40 பனை ஏறியவர் அதற்குப் பிறகு 22-க்கு இறங்கினார். உதவித்தொகைக்கு எழுதிப் போட்ட மனு நகரவில்லை. அத்தை பஸ் ஏறி ஏறி ஏழு தடவை ஓர் அலுவலகத்துக்குப் போய், எட்டாம் தடவை வாங்கிக்கொண்டுதான் வந்தார். அப்போது கேட்டிருக்கிறார்கள், நீங்கள்தான் கர்த்தர் தந்தது போதும் என்பவர்களாயிற்றே, ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று. "போதும்னு சொன்னா, வர வேண்டியத விட்டுட்டுப் போகணும்னு அர்த்தமா?" இதை அத்தை இன்றைக்கும் அதே கோபத்தோடு சொல்வார். திருப்பூர் நிறுவனத்தின் மீது நான் மனுப் போட்டதற்கு அவர்தான் காரணம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வைகாசியில் சோதனை வந்தது. நாலு நாள் விடாமல் கோடை மழை. கலயத்தில் மழைத் தண்ணீர் விழுந்து பதநீர் நீர்த்துப்போனது. விறகு ஈரம். இரண்டு மடங்கு நேரம் காய்ச்சியும் பாதிக் கருப்பட்டிதான், அதுவும் கருத்து, கையில் ஒட்டுகிற மாதிரி. வழக்கமாக எடுக்கிற வியாபாரி வந்து உடைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் சீனியைப் போட்டு இறக்குங்கள், நன்றாக இறுகும், எடையும் நிற்கும், எல்லோரும் செய்கிறதுதானே என்றார். அது பொய்யில்லை. சீனிக் கலப்பு எங்கள் பக்கம் ஒளிவுமறைவான விஷயமே அல்ல. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அது நிற்கவில்லை.

அன்று ராத்திரி காலண்டர்த் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். அது என் தொழிலாயிற்றே. இத்தனை சீனி, இத்தனை விலை, வித்தியாசம் இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இத்தனை நாளில் ஆகும். கணக்கு ரொம்ப நன்றாக வந்தது. அத்தையிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்றாலும் முழுக்கப் படித்தார். "சரியாத்தான் போட்டிருக்க. இத ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சி சத்தமா வாசிப்பியா?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது சீனிக் கருப்பட்டி. எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக் கட்டணத்துக்கு மோதிரம் அடகுக்குப் போனது. விடிலி அத்தையுடையது, அதனால் சீனி விழவில்லை. என் விடிலியாக இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

அந்த மழை வாரத்திலும் ஒன்று நடந்தது. உலை வைக்கும்போது அத்தை வழக்கம்போல ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டார். கோயிலுக்கான கைப்பிடி அரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் பாட்டிமார் காலத்துப் பழக்கம். இந்த வாரம் வேண்டாமே என்றேன். "நமக்கே இல்லன்னு நெனச்சிட்டா ஒரு நாளும் இருக்காது" என்று சொல்லிவிட்டு, ஒரு கையை இரண்டு கையாக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எங்களுக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதுதான் ஏற்பாடு. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கை. பனங்காட்டு ஜனங்களும் அந்தச் சபைகளில் இருந்தவர்கள்தான். போதும் என்று நினைக்காதவர்களால் இன்னொரு ஊருக்குக் கொடுத்திருக்க முடியாது. இதை நான் அன்று யோசிக்கவில்லை. பானை மூடுகிற சத்தம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம். அத்தை வெளியே வேப்பமர நிழலில் பாயில் கண் அயர்ந்திருந்தார். சட்டியோடு நான் தனியாக. குமிழி பெரிதாயிற்று. சத்தம் மாறியது. தீயை இழுத்தேன். தண்ணீரில் சொட்டு விட்டேன், உருண்டது. அத்தையைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் வாய் திறந்தேன். கூப்பிடவில்லை. துணியைச் சுற்றிச் சட்டியை இறக்கிக் கிண்டி, 26 சிரட்டையில் ஊற்றினேன். சாயந்தரம் ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. அத்தை ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு, நாக்கில் உருட்டிக்கொண்டே மேய்ந்துவிட்டு வந்த மாட்டைக் கட்டப் போனார். திரும்பி வந்து, "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் அதிலிருந்து இரண்டைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஆராதனை முடிந்து ஏலம் விட்டபோது உபதேசியார் வீட்டில் எடுத்தார்கள்.

பொறாமை போய்விடவில்லை. கனடாவில் இருக்கிற சித்தி மகள் புது வீட்டுப் படத்தை வாட்ஸப்பில் போட்டால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் பொங்குகிறது. முன்னெல்லாம் இரண்டு நாளைக்குக் கொதிக்கும். இப்போது ஒரு உலை கொதிக்கிற நேரத்தில் அடங்குகிறது. எந்த ஆமணக்கு முத்து விழுகிறது என்று எனக்கே தெரியாத நாளும் உண்டு. பெரும்பாலும் அது ஜெபம்தான். சில நாள் வேலை.

ஆடி பிறந்ததும் பாளை ஓய்ந்தது. கலயங்களைக் கழுவிக் கவிழ்த்தோம். அந்த வாரம் திருப்பூரிலிருந்து போன் வந்தது. வேறொரு நிறுவனம், பழைய சம்பளத்தைவிடக் குறைவு, கணக்கு வேலை. போவதா இருப்பதா என்று நானும் வீட்டுக்காரரும் நாலு நாள் பேசினோம். போனால் நான் கற்றதெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று அத்தையிடம் கேட்டேன். சிரட்டைகளை அடுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "பிள்ள படிப்பு இருக்குல்லா, போ. பங்குனிக்கு லீவு போட்டுட்டு வா. மாமாக்கு வர்ற வருசம் 18 மரந்தான். நா ஒருத்தியே காய்ச்சிருவேன், ஆனா நீ வந்தா நல்லாருக்கும்."

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன்.